கரகரக்கும் தந்திக்கு ஒரு காரணம் உண்டு

புதிதாகக் கிட்டார் எடுத்தவர் முதல் கார்டை, அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல் பிடியை, பிடித்து ஆறு தந்திகளையும் ஒருமுறை வருடிப் பார்க்கிறார். மூன்று தந்திகள் ஒலிக்கின்றன. ஒன்று கரகரக்கிறது. மிச்சம் இரண்டும் 'டொக்' என்று அடங்கிப்போகின்றன. "எனக்கு விரல் வளையவில்லை, இது நமக்குச் சரிப்படாது" என்ற முடிவு அந்த இடத்திலேயே பிறந்துவிடுகிறது. பலர் அந்த நினைப்போடு சில வாரம் தள்ளிவிட்டு, கிட்டாரை உறையில் போட்டு மூலையில் சாய்த்துவிடுகிறார்கள்.

அந்த முடிவு தவறு. கரகரக்கும் ஒவ்வொரு தந்திக்கும், அடங்கிப்போகும் ஒவ்வொரு தந்திக்கும், கண்ணால் பார்த்துக் கையால் சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்று இருக்கிறது. முதல் சில மாதங்களில் பழக வேண்டியவற்றில் அந்தக் காரணத்தைத் தேடிப் பிடிக்கும் பழக்கம்தான் தலையாயது என்று நினைக்கிறேன். கார்டுகளின் எண்ணிக்கை அப்புறம் தானாகக் கூடும்.

தேடும்போது விரலை முதலில் சந்தேகிக்க வேண்டாம். கருவியிலிருந்து தொடங்குங்கள்.

தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையிலுள்ள உயரத்தை ஆக்‌ஷன் என்பார்கள். வீணையில் மெட்டு என்று சொல்கிறோமே, அதுபோல நெக் எனும் நீண்ட கழுத்துப் பகுதியின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃப்ரெட். ஒரு இரும்பு அளவுகோலை 12-ஆவது ஃப்ரெட்டின் தலையில் நிறுத்தி, தந்தியின் அடிப்பாகம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். ஸ்டீல் தந்தி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரில் தடித்த ஆறாம் தந்திக்கு ஏறக்குறைய 2.5, மெல்லிய முதல் தந்திக்கு ஏறக்குறைய 2 இருந்தால் நன்று. நைலான் தந்திக் கிட்டாரில் 4-உம் 3-உம் சாதாரணம். எலெக்ட்ரிக்கில் 2-உம் 1.5-உம் போதும். ஸ்டீல் தந்திக் கிட்டாரில் இது 3.5-ஐத் தாண்டினால் நன்றாக வாசிக்கத் தெரிந்தவருக்கே கை வலிக்கும். தொடங்குபவர் தன் விரலை நொந்துகொள்வதில் நியாயமே இல்லை.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். நெக்கின் உச்சியில் தந்திகள் தங்கும் வெள்ளைத் துண்டுக்கு நட் என்று பெயர். ஒரு தந்தியை இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று கவனியுங்கள். ஒரு மெல்லிய தாள் நுழையும் அளவு இருந்தால் போதும். அதைவிட அதிகமானால் நட்டின் பள்ளங்கள் உயரமாக வெட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். தொடங்குபவர் பிடிக்கும் கார்டுகள் எல்லாமே முதல் மூன்று ஃப்ரெட்டுகளுக்குள் இருப்பதால் இந்தச் சிறு உயரம் அவர்களைத்தான் அதிகம் வதைக்கும். அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடும். சுருதி சேர்த்த கிட்டாரில் கார்டு மட்டும் அபஸ்வரமாகக் கேட்டால் நட்டின் உயரத்தைச் சந்தேகியுங்கள். அது சரியாக இருந்தால், விரல் அளவுக்கு மீறி அழுத்துகிறது, அல்லது தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறது.

இவற்றைக் கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் 'செட்டப்' என்று சொன்னால் செய்து தருவார். நட்டின் பள்ளத்தை வீட்டில் அராவ வேண்டாம். ஒரு இழை அதிகம் போனாலும், விரல் அழுத்தாத திறந்த தந்தி முதல் ஃப்ரெட்டில் அடித்து நிரந்தரமாகக் கரகரக்கும். கிட்டாரின் உடலில் தந்திகள் கட்டப்பட்ட பிரிட்ஜில், அவற்றைத் தாங்கும் சேடில் துண்டைக் கழற்றி அதன் அடியைச் சமமாகத் தேய்ப்பது ஓரளவு எளிது. சேடிலில் 1 மில்லிமீட்டர் குறைத்தால் 12-ஆவது ஃப்ரெட்டில் அரை மில்லிமீட்டர்தான் குறையும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நெக்கினுள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற கம்பி நெக்கின் வளைவைச் சரிசெய்ய வைத்தது. ஆக்‌ஷனைக் குறைப்பதாக நினைத்து அதைத் திருகிக் கெடுப்பவர்கள் உண்டு.

எந்த வகைக் கிட்டாரில் தொடங்குவது என்ற கேள்விக்கு ஒரு பழைய பதில் உண்டு: "முதலில் நைலான், விரல் தேறியதும் ஸ்டீல், கடைசியில் எலெக்ட்ரிக்." எனக்கு இதில் உடன்பாடில்லை. நைலான் விரலுக்கு மெத்தென்று இருப்பது உண்மை. ஆனால் நட்டின் இடத்தில் அதன் நெக் 52 மில்லிமீட்டர் அகலம். ஸ்டீல் தந்திக் கிட்டாரில் அது 43, 44-தான். சிறிய கைக்கு அந்த அகலம் வேறொரு தொல்லை. எலெக்ட்ரிக்கின் தந்திகள்தான் விரலுக்கு மிக இலகு. ஆகவே எந்த ஒலியைக் கேட்டு ஆசை வந்ததோ அந்தக் கருவியிலேயே தொடங்கலாம். அக்கூஸ்டிக் என்றால் தந்தி செட்டை மட்டும் கவனியுங்கள். பல கிட்டார்களில் 12 என்ற அளவு போட்டிருப்பார்கள். முதல் தந்தியின் தடிமன் ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு என்பது அதன் பொருள். அதைக் கழற்றிவிட்டு 11 அல்லது 10 போட்டால் விரலுக்கு உடனே வித்தியாசம் தெரியும். ஓசை சற்று மெலியும், அது பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நைலான் கிட்டாரில் ஒருபோதும் ஸ்டீல் தந்தியை ஏற்றாதீர்கள். 12 அளவு ஸ்டீல் செட் ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்கும். நைலானின் இழுப்பு அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். அதற்கென்று மெலிதாகச் செய்த பலகையும் பிரிட்ஜும் ஸ்டீலின் இழுப்பைத் தாங்காமல் பிய்ந்து வரும்.

அடுத்தது சுருதி. தரையை ஒட்டி இருக்கும் மெல்லிய தந்திதான் முதலாவது. முகத்துக்கு அருகில் மேலே இருக்கும் தடித்தது ஆறாவது. 'மேல்', 'கீழ்' என்ற சொற்கள் இங்கே குழப்பும், எண்ணால் சொல்லப் பழகுவதே நல்லது. ஆறிலிருந்து ஒன்று வரை அவற்றின் ஸ்வரங்கள் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அதிர்வெண்ணில் சொன்னால் 82.4, 110, 146.8, 196, 246.9, 329.6 ஹெர்ட்ஸ். இரண்டு ஈ தந்திகளுக்கும் இடையே இரண்டு ஸ்தாயி தூரம் இருப்பதை இந்த எண்களிலேயே காணலாம்: 82.4-இன் நான்கு மடங்கு 329.6.

கிட்டாரின் தலையில் கவ்விச் சுருதி காட்டும் ட்யூனரோ கைபேசிச் செயலியோ ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ட்யூனர் 'ஈ' என்று காட்டினால் அது எந்த ஸ்தாயியின் ஈ என்று பெரும்பாலும் சொல்லாது. சரியான ஸ்வரத்தைக் கடந்துவிட்டது தெரியாமல் மேலே மேலே முறுக்கித்தான் பல முதல் தந்திகள் அறுந்துபோகின்றன. தந்தி வழக்கத்தைவிட விறைப்பாகத் தெரிந்தால் நிறுத்தி, தளர்த்தி, கீழிருந்து வாருங்கள். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றித்தான் சுருதியில் நிறுத்த வேண்டும். தாண்டிப் போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். முறுக்காணியின் பற்சக்கரத்தில் சிறு தளர்வு இருக்கும். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் அந்தத் தளர்வு தந்தியோடு தங்கி, இரண்டு முறை மீட்டியதும் சுருதி இறங்கிவிடும்.

ட்யூனர் இல்லாத நேரத்துக்கு ஒரு வழி. ஆறாம் தந்தியை ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் வருவது ஐந்தாம் தந்தியின் திறந்த ஸ்வரம். ஐந்திலிருந்து நான்குக்கும், நான்கிலிருந்து மூன்றுக்கும், இரண்டிலிருந்து ஒன்றுக்கும் இதே கணக்கு. மூன்றிலிருந்து இரண்டுக்கு மட்டும் நான்காம் ஃப்ரெட். ஒவ்வொரு படியிலும் சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும் என்பதால் முடித்த பிறகு ஆறாம் தந்தியையும் முதல் தந்தியையும் சேர்த்து மீட்டிப் பாருங்கள்.

காது நன்றாக உள்ளவர்கள் மாட்டிக்கொள்ளும் ஒரு பொறி உண்டு. ஈ மேஜர் கார்டைப் பிடித்து, அது தேனாக இனிக்கும் வரை, காந்தாரம் ஒலிக்கும் மூன்றாம் தந்தியைச் சற்று இறக்குவார்கள். பிறகு ஜி கார்டை வாசித்தால் கசக்கும். கிட்டாரின் ஃப்ரெட்டுகள் ஸ்தாயியை 12 சமபங்காகப் பிரித்துப் பதித்தவை. இயற்கையான காந்தாரத்தைவிட இந்தச் சமபங்குக் காந்தாரம் அரைஸ்வரத்தின் நூறில் 14 பங்கு கூர்மையானது. ஸட்ஜம் ஒலிக்கும் தம்பூராவோடு பாடிப் பழகிய காதுக்கு இது நிச்சயம் உறுத்தும். ஆனால் ஒரு கார்டுக்காகத் தந்தியை மாற்றினால் இன்னொன்று கெடும். ட்யூனர் சொல்வதோடு நின்றுகொள்வதே வழி.

இனி கை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கிட்டாரின் இடுப்பு வளைவை வலது தொடையில் வைத்து, வலது முழங்கையின் உட்புறத்தால் உடலோடு அணைத்துக்கொள்ளுங்கள். இப்போது இடது கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். கிட்டார் அசையாமல் நிற்க வேண்டும். நெக் சாய்ந்தால், இதுவரை இடது கை அதைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சுமை தூக்கும் கையால் விரலை விடுவிக்க முடியாது. விரல் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கிட்டாரின் முகத்தைத் தன் பக்கம் மல்லாத்துவது எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் மணிக்கட்டு கூர்மையாக மடிந்துவிடும். கிட்டாரை நேராக வைத்து, நெக்கின் தலையைக் கொஞ்சம் உயர்த்தினால் மணிக்கட்டு நிமிரும்.

விரல் எங்கே அழுத்த வேண்டும்? ஃப்ரெட்டின் மேலேயும் இல்லை, இரண்டு ஃப்ரெட்டுகளின் நடுவிலும் இல்லை. ஒலிக்க வேண்டிய ஃப்ரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால், நட் இருக்கும் பக்கமாக. அங்கே அழுத்தினால் பாதி விசை போதும். விலக விலக அதே ஒலிக்கு அதிக அழுத்தம் வேண்டியிருக்கும், போதாதபோது கரகரக்கும். ஏறியே விட்டால் ஒலி மங்கும். கட்டைவிரல் நெக்கின் பின்புறம், ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் எதிரே இருக்கட்டும். இடது கை நகங்களை ஒட்ட வெட்டுங்கள். நகம் வளர்ந்திருந்தால் நுனி தந்தியில் இறங்காது, விரல் படுத்துக்கொள்ளும், படுத்த விரல் பக்கத்துத் தந்தியை அடைக்கும். எத்தனையோ 'செத்த' தந்திகளுக்கு மருந்து நகவெட்டிதான்.

எவ்வளவு அழுத்தம் என்பதை அறிய ஒரு சிறு சோதனை. ஐந்தாம் ஃப்ரெட்டில் மூன்றாம் தந்தியின் மேல் விரலைத் தொட்டும் தொடாமலும் வையுங்கள். வலது கையால் விடாமல் மீட்டிக்கொண்டே அழுத்தத்தை மெல்லக் கூட்டுங்கள். முதலில் 'டக் டக்', பிறகு கரகரப்பு, பிறகு ஒரு கணத்தில் தெளிவான ஸ்வரம். அந்தக் கணத்தில் நிறுத்துங்கள். வேண்டிய அழுத்தம் அவ்வளவுதான். பெரும்பாலோர் அதைப் போல இரண்டு மடங்கு அழுத்துகிறார்கள். விரல் நுனி எரிவதற்கும் கட்டைவிரலின் அடி வலிப்பதற்கும் பாதிக் காரணம் அதுதான். இந்தச் சோதனையை முதல் பத்து நாளும் தினம் இரண்டு நிமிடம் செய்யலாம்.

நுனி விரலின் வலி இயல்பானது. தினமும் வாசித்தால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தோல் தடித்துக்கொள்ளும். கை கழுவியவுடனோ குளித்தவுடனோ வாசிக்காதீர்கள், ஊறிய தோல் கிழியும். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். ஆனால் மணிக்கட்டு, முழங்கை, கட்டைவிரலின் அடி ஆகிய இடங்களில் வலி வந்தாலோ, விரல் மரத்துப்போனாலோ, அதைத் தாங்கிப் பழகக் கூடாது. அன்றைக்கு நிறுத்திவிட்டு, உட்காரும் விதத்தையும் ஆக்‌ஷனையும் மறுபடி பாருங்கள். ஓய்வு கொடுத்தும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கார்டு வரைபடம் என்பது கிட்டாரை உங்களுக்கு எதிரே நிமிர்த்தி வைத்துப் பார்க்கும் தோற்றம். இடது ஓரக் கோடு ஆறாம் தந்தி. புள்ளிகளில் உள்ள எண் விரலைச் சொல்லும்: ஆள்காட்டி 1, நடுவிரல் 2, மோதிர விரல் 3, சுண்டு விரல் 4. டேப் எனப்படும் ஆறு கோட்டுக் குறிப்பில் மேல் கோடு முதல் தந்தி. அதில் உள்ள எண் ஃப்ரெட்டைச் சொல்லும். ஒன்றில் விரல், மற்றதில் ஃப்ரெட். இதைக் குழப்பிக்கொண்டு வாரக்கணக்கில் தவறான கார்டைப் பிடிப்பவர்கள் உண்டு.

இப்போது சி கார்டை எடுத்துக்கொள்வோம். மோதிர விரல் ஐந்தாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட். நடுவிரல் நான்காம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட். ஆள்காட்டி இரண்டாம் தந்தியில் முதல் ஃப்ரெட். மூன்றும் ஒன்றும் திறந்த தந்திகள். ஆறாவது ஒலிக்கக் கூடாது. மொத்தமாக வருடாமல், ஐந்திலிருந்து ஒன்று வரை ஒவ்வொன்றாக மீட்டுங்கள். ஐந்தாவது கரகரத்தால் மோதிர விரல் மூன்றாம் ஃப்ரெட்டை விட்டு விலகி நிற்கிறது. நான்காவது அடைத்தால் அதே மோதிர விரல் சரிந்து நான்காம் தந்தியைத் தொடுகிறது. மூன்றாவது செத்திருந்தால் நடுவிரல் படுத்திருக்கிறது. முதல் தந்தி ஒலிக்காவிட்டால் ஆள்காட்டியின் வயிறு அதில் உரசுகிறது, அல்லது உள்ளங்கை நெக்கின் அடிவிளிம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளங்கையை இறக்கி, கையை அரை அங்குலம் முன்னால் தள்ளினால் விரல்கள் எழுந்து நிற்கும். இப்படித் தந்திக்குத் தந்தி ஒரு விடை. எந்தக் கார்டுக்கும் இந்த விசாரணை பொருந்தும். எந்த விரலும் வைக்காத திறந்த தந்தி கரகரத்தால் மட்டும் குற்றம் கருவியுடையது.

ஆனால் தெளிவாக ஒலிக்கும் பத்துக் கார்டு தெரிந்தும் ஒரு பாட்டு வாசிக்க வராதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பழகியது கார்டை. பாட்டு இருப்பது ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில். நேரத்தில் பெரும்பங்கைக் கார்டு மாற்றத்துக்கே கொடுங்கள்.

மாற்றத்தில் தேட வேண்டியது, அசையத் தேவையில்லாத விரல். ஏ மைனரில் ஆள்காட்டி இரண்டாம் தந்தியில் முதல் ஃப்ரெட், நடுவிரல் நான்காம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட், மோதிர விரல் மூன்றாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட். மேலே சொன்ன சி கார்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: முதல் இரண்டு விரல்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, மோதிர விரல் மட்டும் ஐந்தாம் தந்திக்குத் தாவுகிறது. இது தெரியாமல் மூன்று விரலையும் தூக்கி மறுபடி வைப்பது வீண் உழைப்பு. ஈ மேஜரிலிருந்து ஏ மைனருக்கு வேறு விதமான சலுகை. விரல்களின் வடிவம் அப்படியே இருக்க, மொத்தமும் தரைப் பக்கம் ஒரு தந்தி நகர்கிறது.

தொடங்குபவருக்கு நான் மிகவும் விரும்பிச் சொல்லும் குடும்பம் ஒன்று உண்டு. ஜி கார்டை நான்கு விரலால் பிடியுங்கள்: நடுவிரல் ஆறாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட், ஆள்காட்டி ஐந்தாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட், மோதிர விரலும் சுண்டு விரலும் இரண்டாம், முதல் தந்திகளில் மூன்றாம் ஃப்ரெட். இப்போது மோதிர விரலையும் சுண்டு விரலையும் ஆணியடித்ததுபோல் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் தரைப் பக்கம் ஒரு தந்தி நகர்த்துங்கள். சி ஆட் நைன் என்ற கார்டு வந்துவிட்டது. பெரும்பாலான இடங்களில் சி-க்குப் பதிலாக அது இனிமையாகப் பொருந்தும். ஜி-யிலிருந்து நடுவிரலை மட்டும் எடுத்து நான்காம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் வைத்தால் ஈ மைனர் செவன். டி கார்டுக்குப் போகும்போது சுண்டு விரல் எழும், ஆள்காட்டி மூன்றாம் தந்தியிலும் நடுவிரல் முதல் தந்தியிலும் இரண்டாம் ஃப்ரெட்டுக்கு வரும், மோதிர விரல் அப்போதும் இடம் மாறாது. நான்கு கார்டு, அசையாத ஒரு விரல். இந்த நான்கையும் வைத்து எண்ணற்ற பாட்டுகளுக்குத் துணை வாசிக்கலாம்.

பழகும் முறை இது. ஒரு ஜோடிக் கார்டை எடுத்து, 60 நொடி கடிகாரம் வைத்து, எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணி எழுதுங்கள். ஒவ்வொரு கார்டையும் ஒருமுறை வருடினால் போதும். முதல் நாள் 8 வரலாம், 12 வரலாம். 30 வந்தால் மெதுவான பாட்டுக்குப் போகலாம். 60 வந்தால் அந்த ஜோடியைப் பற்றிய கவலையே விட்டுவிடலாம். ஒரு நாளைக்கு மூன்று ஜோடிக்கு மேல் வேண்டாம். எண் ஏறாமல் ஒரே இடத்தில் நின்றால், எந்த விரல் கடைசியாக வந்து சேர்கிறது என்று பாருங்கள். அதை முதலில் இறக்கி மற்றவற்றைப் பின்தொடரச் செய்யுங்கள். பலருக்குத் தடித்த தந்திக்குப் போகும் விரல்தான் கடைசியில் வருகிறது. வலது கை வருடத் தொடங்குவதோ அந்தத் தந்தியிலிருந்து. அதனால் அந்த விரல் முதலில் தரை தொடப் பழகுவது இரட்டை லாபம்.

வலது கைக்கு வருவோம். தந்தியை மீட்டும் சிறு தகடான பிக் 0.6-லிருந்து 0.73 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கட்டும். வளைந்து கொடுக்கும், தந்தியில் சிக்காது. ஆள்காட்டியின் பக்கவாட்டில் வைத்துக் கட்டைவிரலால் மூடி, நுனி 4, 5 மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரிய விடுங்கள். அதிகம் நீண்டால் தந்தியில் மாட்டிச் சுழலும். பிடி இறுகினால் மணிக்கட்டும் இறுகும். ஈரக் கையை உதறுவதுபோல அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும்.

தாளத்துக்கு நம் கையில் ஏற்கெனவே ஒரு நல்ல சாதனம் இருக்கிறது. 'தக திமி தக ஜணு' என்று வாயால் சொல்லிக்கொண்டு, தந்திகளை இடது கையால் லேசாகப் போர்த்தி அடக்கிவிட்டு, வலது கையைக் கீழும் மேலுமாக ஆட்டுங்கள். த, தி, த, ஜ ஆகிய நான்கும் கீழ் வீச்சு. க, மி, க, ணு ஆகிய நான்கும் மேல் வீச்சு. கை ஊசல்போல ஓடிக்கொண்டே இருக்கும். தந்தியைத் தொடுவதா, காற்றில் கடப்பதா என்பது மட்டும்தான் ஒவ்வொரு தாளக்கட்டிலும் மாறுகிறது. மிகப் பரவலான ஒன்று: முதல் 'த'-வில் தொடு, 'க'-வைக் கட, 'திமி' இரண்டையும் தொடு, அடுத்த 'த'-வைக் கட, 'க ஜணு' மூன்றையும் தொடு. இரண்டாவது 'த'-வில்தான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள். அங்கே ஒலி இல்லை என்பதால் கையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்திய கை அடுத்த 'க'-வுக்கு மேல் வீச்சில் வர முடியாது, கீழே இருந்தால்தானே மேலே வரும்! ஒலி இல்லாவிட்டாலும் கை கீழே போக வேண்டும். சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒவ்வொரு கீழ் வீச்சும் ஒரு தட்டோடு விழும்படி, கார்டே பிடிக்காமல் ஐந்து நிமிடம் இதைச் செய்தால் பல வாரத் தடுமாற்றம் தீரும்.

கார்டு மாற்றமும் தாளமும் சேரும் இடத்தில் எல்லோருக்கும் தொய்வு வரும். இடது கை தயாராகும்வரை வலது கையைக் காத்திருக்க வைக்கத் தோன்றும். அது கூடாது. கடைசி 'ணு'-வில் இடது கையை எடுத்துவிடுங்கள், வலது கை அந்த மேல் வீச்சைத் திறந்த தந்திகளிலேயே அடிக்கட்டும். நன்றாக வாசிப்பவர்களை உற்றுக் கேளுங்கள், அவர்களும் இதையேதான் செய்கிறார்கள். அந்த அரைத் தட்டு காதுக்கு உறுத்தாது. தாளம் நின்றால் மட்டும் எவருக்கும் உடனே தெரிந்துவிடும்.

சில மாதத்தில் எஃப் கார்டு வந்து நிற்கும். ஆள்காட்டி விரல் முதல் ஃப்ரெட்டின் ஆறு தந்திகளையும் குறுக்கே அழுத்த வேண்டிய பார் கார்டு. இதற்கு விரல் பலம் வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. கார்டை விரித்துப் பார்த்தால் வேறு கதை. ஐந்தாம், நான்காம் தந்திகளை மோதிர விரலும் சுண்டு விரலும் மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்துகின்றன. மூன்றாம் தந்தியை நடுவிரல் இரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்துகிறது. ஆகவே ஆள்காட்டியின் அழுத்தம் வேண்டியது ஆறு, இரண்டு, ஒன்று என்ற மூன்று தந்திகளுக்கு மட்டுமே. விரலின் நடுப்பகுதி தளர்ந்திருந்தாலும் கவலையில்லை. விரலைத் தட்டையாக வைக்காமல், கட்டைவிரலை நோக்கிய எலும்புப் பக்கத்துக்குச் சற்று உருட்டுங்கள். தட்டையான பக்கத்தில் மூட்டு மடிப்புகளின் பள்ளத்தில் தந்தி ஒளிந்துகொள்ளும். கட்டைவிரலை நெக்கின் பின்னால் கொஞ்சம் கீழே இறக்கி, முழங்கையின் எடையால் கையை மெல்லப் பின்னிழுத்தால் கட்டைவிரல் கிள்ளுவது பாதியாகக் குறையும்.

இடத்தையும் மாற்றிப் பாருங்கள். 648 மில்லிமீட்டர் தந்தி நீளமுள்ள கிட்டாரில் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் 36.4 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் இந்த அகலம் குறைந்துகொண்டே போய், 12-ஐத் தாண்டியதும் சரியாகப் பாதியாகிறது. நட்டை ஒட்டிய இடத்தில் தந்தி விறைப்பாகவும் இருக்கும். எஃப் கார்டு விழுவது மிக அகலமான, மிக விறைப்பான அந்த இடத்தில். அதே வடிவத்தை ஐந்தாம் ஃப்ரெட்டில் பிடித்தால் ஏ மேஜர் ஆகும், பாதிச் சிரமத்தில் ஒலிக்கும். அங்கே ஒரு வாரம் பழகி, நான்கு, மூன்று, இரண்டு என்று வாரத்துக்கு ஒரு ஃப்ரெட்டாக இறங்கி வாருங்கள். அதுவரை பாட்டு நிற்க வேண்டியதில்லை, ஆறு, ஐந்தாம் தந்திகளை விட்டுவிட்டு எஃப் மேஜர் செவன் வாசிக்கலாம்: நான்காம் தந்தியில் மூன்று, மூன்றாம் தந்தியில் இரண்டு, இரண்டாம் தந்தியில் ஒன்று, முதல் தந்தி திறந்தபடி.

இதே காரணத்தால்தான், கை சிறியவர்களுக்கும் விரல் எட்டாதவர்களுக்கும் இரண்டாம் ஃப்ரெட்டில் காப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டுக்கொண்டு பழகச் சொல்வேன். முதல் ஃப்ரெட்டின் 36.4 மில்லிமீட்டர் அங்கே 32.4 ஆகிவிடும், உயரமான நட்டின் தொல்லையும் மறையும். காப்போவை ஃப்ரெட்டை ஒட்டிப் பின்னால் மாட்டுங்கள், மாட்டியபின் சுருதியை ஒருமுறை பாருங்கள். பாடுபவரின் குரலுக்கு ஏற்பச் சுருதியை உயர்த்தவும் இதுவே கருவி. இரண்டாம் ஃப்ரெட்டில் காப்போ இருக்க ஜி வடிவத்தைப் பிடித்தால் ஒலிப்பது ஏ.

நேரத்தைப் பொறுத்தவரை, ஞாயிறன்று இரண்டு மணி நேரத்தைவிட தினம் இருமுறை பதினைந்து நிமிடம் பல மடங்கு பயன் தரும். கிட்டாரை உறையில் வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் நிறுத்தி வைத்தாலே பயிற்சி கூடிவிடும். வெயில் விழும் இடமும் மூடிய காரும் வேண்டாம். சூட்டில் பசை இளகி பிரிட்ஜ் எழும்பும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடையுங்கள். ஓசை மங்கிச் சொரசொரப்பானால் மாற்றுங்கள். புதுத் தந்தி முதல் சில நாள் இழுபட்டுச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும், அது பழுது இல்லை. மாட்டியவுடன் ஒவ்வொரு தந்தியையும் விரலால் மெல்லத் தூக்கி இழுத்து, மறுபடி சுருதி சேர்த்து, இப்படி மூன்று நான்கு சுற்று செய்தால் சீக்கிரம் நிலைக்கும்.

வாரம் ஒருமுறை, வாசிப்பதைக் கைபேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். உடனே கேட்க வேண்டாம், மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது கவனம் விரலில் இருக்கும், காது பாதிதான் வேலை செய்யும். மூன்று விஷயங்களை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மாற்றத்தில் தாளம் நின்றது? வேகம் எந்த வரியிலிருந்து ஏறத் தொடங்கியது? எந்தக் கார்டில் எந்தத் தந்தி ஒலிக்கவில்லை? அடுத்த நாள் பாட்டை முதலிலிருந்து தொடங்காமல், குறித்துவைத்த அந்த இடத்தை மட்டும் முதலில் எடுங்கள். தாளில் 'சி, மூன்றாம் தந்தி' என்று எழுதியிருந்தால், கிட்டாரைத் தொடுவதற்கு முன் நடுவிரலின் நகத்தைப் பாருங்கள்.